கருவளமும் நுண்ணூட்டங்களும்: குறைநீக்கம், மிகைச்சேர்ப்பு – திருச்சிராப்பள்ளி, திருவரங்கச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பெண்ணின் கருவளத்தை நுண்ணூட்டங்களும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் மேம்படுத்தும் என்னும் கருத்து, மருத்துவ ஆய்விலும் மருந்து வணிகத்திலும் மக்கள் வழக்கிலும் ஒருசேர நிலவுகிறது. இக்கருத்தினுள் இருவேறு கூற்றுகள் கலந்துள்ளன. உடலில் குறைந்துள்ள ஊட்டத்தை நிரப்புவது நன்மை தரும் என்பது ஒன்று. போதுமான அளவில் உள்ள ஊட்டத்தை மேலும் கூட்டினால் கருவளம் பெருகும் என்பது மற்றொன்று. முன்னதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. பின்னதற்குரிய சான்றுகள் வலுவற்றவை. திருச்சிராப்பள்ளி, திருவரங்கப் பகுதியின் வழிபாட்டு மரபு, வட்டார உணவு, 2020இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டம் ஆகியவற்றின் பின்னணியில் இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருவளம், நுண்ணூட்டம், ஆக்சிஜனேற்றத் தடுப்பான், இரும்பு, ஃபோலேட், செறிவூட்டப்பட்ட அரிசி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்.

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில், ஆடிப்பெருக்கன்று அம்மாமண்டபப் படித்துறையில் பெண்கள் கூடுகின்றனர். அந்நாளில் காவிரி சூல்கொண்ட பெண்ணாகக் கருதப்படுகிறாள். மசக்கை கொண்டவளுக்குப் படைப்பதுபோல் எள்சாதம், தேங்காய்ச்சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச்சாதம், தயிர்ச்சாதம் எனச் சித்திரான்னங்கள் படைக்கப்படுகின்றன. காதோலை கருகமணியும் காப்பரிசியும் ஆற்றுக்கு அளிக்கப்படுகின்றன. ஆற்றின் தென்கரையில் உள்ள மலைக்கோட்டையில் தாயுமானவர் கோயில் கொண்டுள்ளார். காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாத நிலையில், பேறுகால வலியுற்ற இரத்தினாவதிக்கு இறைவனே தாயாக வந்து துணைநின்றான் என்பது அக்கோயிலின் தலவரலாறு. சுகப்பேறு வேண்டி அங்கு வாழைத்தார் படைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது.

நோய்தீர்க்கும் பணியிலும் இவ்வூருக்கு நெடிய மரபு உண்டு. திருவரங்கம் கோயிலில் உள்ள கருடவாகன பட்டரின் கல்வெட்டு, சக ஆண்டு 1415ஐ, அதாவது பொ.ஆ. 1493ஐச் சார்ந்தது. கோயிலோடு இணைந்திருந்த ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்டதையும் தன்வந்திரியின் திருமேனி எழுந்தருளச் செய்யப்பட்டதையும் அது குறிப்பிடுகிறது. மகப்பேறு, உணவு, மருத்துவம் ஆகிய மூன்றும் இப்பகுதியின் பண்பாட்டில் பிணைந்திருப்பதை இச்செய்திகள் உணர்த்துகின்றன.

இப்பிணைப்பின் இன்றைய வடிவங்களுள் ஒன்று, கருவளத்திற்கென விற்கப்படும் ஊட்டச்சத்து மாத்திரை. குழந்தை வேண்டும் தம்பதியர், குறிப்பாகப் பெண்கள், மாதக்கணக்கில் இவற்றை உட்கொள்கின்றனர். இவற்றால் விளையும் பயன் எத்தகையது என்பதைச் சான்றுகளின் வழி அறிவது தேவையாகிறது.

1. கருவளக் குறைவும் ஊட்டத்தின் எல்லையும்

பாதுகாப்பற்ற உடலுறவு 12 மாதங்கள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்தும் கருத்தரிக்காத நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் கருவளக் குறைவு என வரையறுக்கிறது. அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் இந்நிலையை எதிர்கொள்கின்றனர்.

இதன் காரணங்கள் பல. கருமுட்டை வெளியேற்றத்தில் கோளாறு, கருக்குழாய் அடைப்பு, கருப்பை அகப்படலத் திசு வேறிடங்களில் வளர்தல், வயது முதிர்வால் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைதல், ஆணின் விந்தணுக் குறைபாடு ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் அடைபட்ட கருக்குழாயை எந்த உயிர்ச்சத்தும் திறக்க இயலாது. முதிர்ந்த வயதில் குறைந்துவிட்ட கருமுட்டைகளை எந்த மாத்திரையும் மீட்டுத் தராது. ஊட்டம் செயற்படக்கூடிய களம் பெரும்பாலும் கருமுட்டை முதிர்தல், அதன் வெளியேற்றம், இயக்குநீர்ச் சமநிலை, கருவின் தொடக்க வளர்ச்சி ஆகியவற்றுள் அடங்கும். எனவே, காரணத்தைக் கண்டறியாமல் ஊட்ட மாத்திரையைத் தொடங்குவது, உரிய மருத்துவத்துக்கான காலத்தை இழக்கச் செய்யக்கூடும். முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணுக்கு இவ்விழப்பு பெரிது.

2. உயிர்ச்சத்து ஈ: ஒரு பெயரின் வரலாறு

ஊட்டத்தையும் கருவளத்தையும் இணைக்கும் அறிவியல் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. 1922இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்சும் கேத்தரின் பிஷப்பும் எலிகளுக்குத் தூய்மைப்படுத்தப்பட்ட உணவை மட்டும் அளித்து ஆய்ந்தனர். எலிகள் நன்கு வளர்ந்தன, சூலும் கொண்டன. ஆனால், கருக்கள் வளர்ச்சியுறாமல் அழிந்து கருப்பையிலேயே உறிஞ்சப்பட்டன. உணவில் கீரைவகை சேர்க்கப்பட்டபோது குட்டிகள் பிறந்தன. இவ்வாறு அறியப்பட்ட பொருளே பின்னர் உயிர்ச்சத்து ஈ எனப்பட்டது. 1936இல் அதற்கு டோகோஃபெரால் என்னும் பெயர் அமைந்தது. மகப்பேற்றைத் தருவது என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் ஆக்கப்பட்டது.

இப்பெயரே பிற்கால எதிர்பார்ப்புகளுக்கு வித்திட்டது எனலாம். எவன்சும் பிஷப்பும் கண்டது, ஓர் ஊட்டம் முற்றிலும் நீக்கப்பட்டபோது ஏற்பட்ட கேட்டினையும் அதனை மீண்டும் அளித்தபோது ஏற்பட்ட சீரினையும் ஆகும். இயல்பான உணவு உண்ட எலிகளுக்குக் கூடுதலாக அளித்து மிகுதியான குட்டிகளைப் பெற்றதாக அவ்வாய்வு கூறவில்லை. மனிதரிடையே உயிர்ச்சத்து ஈயின் கடும் குறைபாடு அரிது. குறைநீக்கத்தின் பயனை மிகைச்சேர்ப்பின் பயனாகக் கொள்ளும் வழுவுக்கு இது தொடக்கக் காலச் சான்றாக அமைகிறது.

3. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் இருமுகம்

உயிரணுக்களில் ஆற்றல் உருவாகும்போது, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் தோன்றுகின்றன. இவற்றின் உற்பத்தி, உடலின் தற்காப்பு ஆற்றலை விஞ்சும்போது ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏற்படுகிறது. கொழுப்புப் படலங்கள், புரதங்கள், மரபுப்பொருள் ஆகியன அதனால் சிதைகின்றன. சூலக நீர்க்கட்டி நோய்க்குறி, கருப்பை அகப்படல நோய் போன்ற நிலைகளில் இவ்வழுத்தம் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து ஈ, செலினியம், துத்தநாகம், துணைநொதி கியூ10, மெலடோனின் முதலியன இதனைத் தணிப்பன. ஆகவே, இவை கருவளத்தைக் காக்கும் என்னும் கருதுகோள் இயல்பாகவே எழுந்தது.

எனினும், இம்மூலக்கூறுகள் முழுவதும் தீங்கானவை என்று கொள்ள இடமில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. எலிகளின் சூலகத்தைச் சூழ்ந்த பையினுள் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் செலுத்தப்பட்டபோது, வெளியேறிய கருமுட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. கருமுட்டை வெளியேறுவதற்கான வேதிக் குறிப்புகளை இம்மூலக்கூறுகளே கடத்துகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. விலங்கில், நேரடியாகச் செலுத்திக் கண்ட முடிவு இது. மாத்திரை உண்ணும் பெண்ணுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது. ஆயினும், ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுத்தாலும் நன்று என்னும் கருத்தை இது மறுக்கிறது. உடலுக்குத் தேவையானது சமநிலையே.

4. மருத்துவ ஆய்வுகள் தரும் சான்று

கருதுகோளின் வலிமையை மருத்துவச் சோதனைகளே முடிவுசெய்ய வேண்டும். கருவளம் குன்றிய பெண்களுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அளித்து நிகழ்த்தப்பட்ட சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்து மதிப்பிட்டு வருகிறது. 2020இல் வெளிவந்த அதன் தொகுப்பாய்வில், 7760 பெண்களை உள்ளடக்கிய 63 சீரற்ற பகுப்புச் சோதனைகள் இடம்பெற்றன. இவற்றுள் உயிருடன் குழந்தை பிறந்ததைக் கணக்கிட்டு, வெற்று மாத்திரையுடனோ வழக்கமான மருத்துவத்துடனோ ஒப்பிட்டவை 13 மட்டுமே. அவற்றில் பங்கேற்ற பெண்கள் 1227 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 100 பேரில் 19 பேருக்குக் குழந்தை பிறக்கும் எனக் கொண்டால், தடுப்பான்களைப் பெற்றவர்களில் அவ்வெண்ணிக்கை 24 முதல் 36 வரை இருக்கலாம் என்பது அதன் கணிப்பு.

இவ்வெண்களை மட்டும் நோக்குவோர்க்குப் பயன் பெரிதெனத் தோன்றும். ஆனால், அத்தொகுப்பாய்வு தன் சான்றுகளின் தரத்தைத் தாழ்வானது முதல் மிகத் தாழ்வானது வரை என மதிப்பிட்டுள்ளது. அதற்கான காரணங்கள் மூன்று. முதலாவதாக, சோதனைகள் பலவற்றில் முறையியல் தெளிவாகப் பதிவாகவில்லை. இரண்டாவதாக, பங்கேற்றோர் தொகை சிறிது. மூன்றாவதாக, வெவ்வேறு வேதிப்பொருள்கள் ஒரே பெயரின்கீழ் தொகுக்கப்பட்டன. அமினோ அமிலமும் உயிர்ச்சத்தும் இயக்குநீரும் ஒரே வகையில் செயற்படுவன அல்ல. சூலக நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்குக் கிடைத்த பயன், சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்க முயலும் நாற்பது வயதுப் பெண்ணுக்கும் கிட்டும் என எதிர்பார்க்கவும் இயலாது. பயன் இருக்கக்கூடும், அது நிறுவப்படவில்லை என்பதே இச்சான்றுகளிலிருந்து பெறத்தக்க முடிவு.

5. குறைநீக்கத்தின் வலிமை: இரும்பும் ஃபோலேட்டும்

மிகைச்சேர்ப்பின் நிலை இவ்வாறாக, குறைநீக்கத்தின் நிலை வேறாக உள்ளது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். மகப்பேற்று வயதில் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தரிப்பதற்கு முன்பே இக்குறையோடு வாழ்கின்றனர் என்பது இதன் பொருள்.

இரும்புக்கும் கருமுட்டை வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்கச் செவிலியர் நலவாழ்வு ஆய்வு ஆராய்ந்தது. 18,555 பெண்களிடம் பெற்ற தரவுகளின் அடிப்படையில் 2006இல் வெளியான முடிவின்படி, இரும்பு மாத்திரை உட்கொண்டவர்களிடம் கருமுட்டை வெளியேற்றக் கோளாற்றால் விளையும் கருவளக் குறைவு 40 விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது. இறைச்சி இரும்பில் இத்தொடர்பு காணப்படவில்லை. தாவர உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பில் காணப்பட்டது. இது நோக்காய்வே ஆதலால், காரண காரிய உறவை உறுதிசெய்யாது. வட அமெரிக்கா, டென்மார்க் நாடுகளில் கருத்தரிக்க முயன்ற பெண்களிடம் பின்னர் நிகழ்ந்த ஆய்வில், மொத்த இரும்பு உட்கொள்ளலுக்கும் கருத்தரிக்கும் வாய்ப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு வெளிப்படவில்லை. எனவே, கருத்தரிப்பை விரைவுபடுத்தும் மருந்தாக இரும்பைக் கருத இயலாது. எனினும், இரத்தசோகையோடு தொடங்கும் கர்ப்பம் தாய்க்கும் சேய்க்கும் இடர் தருவது ஐயத்திற்கு இடமற்றது. அவ்விடரைக் குறைப்பதற்காகவே இரும்புக்குறை கருத்தரிப்பதற்கு முன் நீக்கப்பட வேண்டும்.

ஃபோலேட்டின் வரலாற்றில் இந்தியாவுக்குப் பங்குண்டு. ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் மும்பைக்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கர்ப்பகாலத்தில் தோன்றிய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சிலகாலம் ஆய்வு மேற்கொண்டார். ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருளே ஃபோலேட். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் 1941இல் அது பெயர் பெற்றது. முந்தைய கருவில் நரம்புக்குழாய்க் குறைபாடு கண்ட பெண்களுக்கு, கருத்தரிப்பதற்கு முன்னரே ஃபோலிக் அமிலம் அளித்தால் அக்குறைபாடு மீண்டும் தோன்றுவது 72 விழுக்காடு குறைகிறது என்பதை 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனை நிறுவியது. இத்துறையில் இத்துணை வலுவான சான்று பெற்ற நுண்ணூட்டம் பிறிதொன்று இல்லை எனலாம். அதன் நிறுவப்பட்ட பயன் கருவின் பாதுகாப்பே. கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவது அன்று.

இங்குக் காலம் முதன்மை பெறுகிறது. கருத்தரித்த 28 நாட்களுக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. பெண்கள் பலர் அதற்குள் தாம் கருவுற்றிருப்பதையே அறிவதில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் வழங்கப்படும் ஊட்டச்சத்துப் பெட்டகம், கர்ப்பம் பதிவான பின்னரே கிடைக்கிறது. ஆதலால், கருத்தரிக்க முயலும் நாளிலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை என்னும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை, கர்ப்பத்திற்கு முந்தைய ஆலோசனை வழியாகவே நிறைவேறக்கூடும்.

6. திருச்சிராப்பள்ளியில் செறிவூட்டப்பட்ட அரிசி

பொது வழங்கல் முறையில் செறிவூட்டப்பட்ட அரிசியை அளிக்கும் ஒன்றிய அரசின் முன்னோட்டத் திட்டத்திற்குத் தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் திருச்சிராப்பள்ளி. இங்கு 2020 அக்டோபரில் நியாயவிலைக் கடைகள் வழியாக இவ்வரிசி வழங்கத் தொடங்கப்பட்டது. அரிசிமாவுடன் ஊட்டங்களைக் கலந்து அரிசி வடிவில் செய்யப்பட்ட மணிகள், நூறு மணிக்கு ஒன்று என்னும் விகிதத்தில் இயல்பான அரிசியுடன் சேர்க்கப்படுகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் வரையறைப்படி, ஒரு கிலோ அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், உயிர்ச்சத்து பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் இருத்தல் வேண்டும்.

இவ்வளவுகளைப் பெண்ணின் தேவையோடு ஒப்பிடுதல் பயன்தரும். நாளொன்றுக்கு 250 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு இதிலிருந்து 7 முதல் 10.6 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கருவுறாத பெண்ணின் அன்றாட இரும்புத் தேவை 29 மில்லிகிராம். எனவே, தேவையில் ஏறத்தாழ கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்வரை அரிசியிலேயே நிறைவேறுகிறது. அதே அளவு அரிசியில் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் 19 முதல் 31 மைக்ரோகிராம் மட்டுமே. கருத்தரிக்க முயலும் பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் 400 மைக்ரோகிராமில் இது பத்தில் ஒரு பங்கினும் குறைவு. இரும்பைப் பொறுத்தவரை இவ்வரிசி உறுதுணை. ஃபோலிக் அமில மாத்திரைக்கு இது மாற்றாகாது. இவ்வேறுபாடு மக்களுக்கு எடுத்துரைக்கப்படாவிடின், செறிவூட்டப்பட்ட அரிசி உண்பதால் மாத்திரை தேவையில்லை என்னும் பிழையான நம்பிக்கை உருவாகக்கூடும்.

7. வட்டார உணவு: நம்பிக்கையும் அளவும்

தாயுமானவருக்குப் படைக்கப்படும் வாழை, இப்பகுதியின் அடையாளப் பயிர். 1993இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சிராப்பள்ளியில் அமைந்திருப்பதும் இதனால் பொருந்துகிறது. செவ்வாழை உண்டால் மகப்பேறு வாய்க்கும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உள்ளது. செவ்வாழையில் கரோட்டினாய்டுகள் உள்ளன. வாழைப்பழங்களில் பொதுவாகப் பொட்டாசியமும் உயிர்ச்சத்து பி6உம் நல்ல அளவில் உள்ளன. ஆனால், 100 கிராம் வாழைப்பழத்தில் இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவே. வாழைப்பழம் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. இரத்தசோகைக்கு அதனை மருந்தாக நம்புவது ஏமாற்றம் தரும்.

இரும்புக்கும் ஃபோலேட்டுக்கும் உரிய உணவுகள் வேறு. கம்பு, எள், பயறு வகைகள், முருங்கைக்கீரை முதலிய கீரைகள் ஆகியன திருச்சிராப்பள்ளிச் சந்தைகளில் எளிதில் கிடைப்பவை. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும். உயிர்ச்சத்து சி உடனிருந்தால் ஏற்பு கூடும்; தேநீரும் காப்பியும் உணவோடு சேர்ந்தால் அது குறையும். கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும், உணவு உண்டவுடன் தேநீர் அருந்தாதிருப்பதும் செலவில்லாத வழிகள். ஆடிப்பெருக்கில் படைக்கப்படும் எள்சாதமும் எலுமிச்சைச்சாதமும் ஒரே இலையில் அமைவது இந்நோக்கில் கருதத்தக்க சேர்க்கை. எனினும், மரபு இதனை அறிந்தே வகுத்தது எனக் கூறுவதற்குச் சான்று வேண்டும்.

புலால் உண்ணாதோர் மிகுந்த திருவரங்கத்தில் உயிர்ச்சத்து பி12 தனிக்கவனம் பெறவேண்டும். அது இயற்கையாக விலங்குசார் உணவுகளில் மட்டுமே கிடைக்கிறது. புலால் உண்ணாதோர்க்குப் பாலும் தயிருமே அதற்கு வாயில்கள். பி12 குறைந்த நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக அளித்தால் இரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு தொடரக்கூடும்.

8. மிகையின் இடரும் பொறுப்பின் பகிர்வும்

ஊட்டம் என்னும் சொல் தீங்கற்றது என்னும் எண்ணத்தைத் தருகிறது. ஆனால், உயிர்ச்சத்து ஏ இதற்கு எதிர்ச்சான்று. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரெட்டினால் வடிவில் அதனை நாளொன்றுக்கு 10,000 பன்னாட்டு அலகுக்கு மேல் உட்கொள்வது கருவில் பிறவிக்குறைபாடுகளை விளைவிக்கக்கூடும். பல மாத்திரைகளை ஒருங்கே உட்கொள்ளும் பெண், ஒரே ஊட்டத்தைப் பலமுறை பெறுகிறாள் என்பதும் எண்ணத்தக்கது.

இதனினும் ஆழமான சிக்கல் பொறுப்பைப் பற்றியது. குழந்தையின்மைக்கான காரணங்களில் ஆணின் பங்கு கணிசமானதாக இருந்தும், விரதமும் பத்தியமும் மாத்திரையும் பெரும்பாலும் பெண்ணையே சேர்கின்றன. ஆணுக்கு ஊட்டம் அளிப்பதன் பயனும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 2370 தம்பதியரைக் கொண்டு நிகழ்ந்து 2020இல் வெளியான சோதனையில், ஆண்களுக்கு ஆறு மாதங்கள் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் அளிக்கப்பட்டன. குழந்தை பிறந்த விகிதம் மருந்து பெற்ற குழுவில் 34 விழுக்காடு. வெற்று மாத்திரை பெற்ற குழுவில் 35 விழுக்காடு. மிகைச்சேர்ப்பு ஆணுக்கும் பயன் தரவில்லை என்பதை இது காட்டுகிறது. ஆகவே, இருவரும் ஒருங்கே பரிசோதிக்கப்படுவதே முறை. ஆணின் விந்தணுப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. அதனைத் தள்ளிப்போட்டுப் பெண்ணுக்கு மட்டும் மாதந்தோறும் மாத்திரை வாங்குவது மருத்துவ நோக்கிலும் அறநோக்கிலும் பொருந்தாது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கருவளத்தைக் கூட்டும் என்பதற்குரிய சான்றுகள் தரத்தில் தாழ்ந்தவை. அவற்றை உறுதிமொழியாக முன்வைப்பது தகாது. இரும்பு, ஃபோலேட், பி12 ஆகியவற்றின் குறையைக் கண்டறிந்து கருத்தரிப்பதற்கு முன்பே நீக்குவது சான்றுடைய, செலவு குறைந்த செயல். செறிவூட்டப்பட்ட அரிசி அக்குறையின் ஒரு பகுதியை நிரப்புகிறது; ஃபோலிக் அமில மாத்திரையின் தேவையை அது நீக்குவதில்லை. வட்டார உணவுகளின் பயன் அவற்றின் உண்மையான ஊட்ட அளவைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பல ஆண்டுகளாகச் செறிவூட்டப்பட்ட அரிசி உண்டுவரும் பெண்களின் இரும்பு, ஃபோலேட், பி12 நிலைகளைக் கருத்தரிப்பதற்கு முன்னரே அளந்து, பின்னர் அவர்களின் கருத்தரிப்பையும் மகப்பேற்றையும் தொடர்ந்து நோக்கும் ஆய்வு, இத்துறைக்குப் பயனுள்ள பங்களிப்பாக அமையும். தாயுமானவர் தலவரலாறு கூறுவது பேறுகாலத்தில் வந்துசேர்ந்த துணையைப் பற்றியது. இன்றைய பொதுநலவாழ்வுத் துறையின் துணை அதற்கும் முன்னதாக, கரு உருவாகும் முன்பே வந்துசேர வேண்டும் என்பதே இக்கட்டுரையால் பெறப்படும் கருத்தாகும்.